கோடாரிக்குக் காம்பு எத்தனை அங்குலம்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் பட்டறைக் குறிப்புகள்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். கவிதை எனக்கு வராது. காதல் கதை எழுதினால் விடுதியில் நிம்மதியாக இருக்க முடியாது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அது கைக்கோடாரி.

"கோடாரியா? அதுல எழுத என்னடா இருக்கு?" என்று என் அறை நண்பன் சிரித்தான். சிரித்தவனின் இடது காலில்தான் ஆறு தையல் தழும்பு இருக்கிறது!

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு எங்கள் ஊரான விக்கிரமங்கலம் பக்கம் போயிருந்தோம். ஏரிக்கரையில் மண்டிக் கிடந்த வேலிகாத்தானை வெட்டி வழி உண்டாக்கும் வேலை. நம்ம ஆள் புத்தம் புதுசா ஒரு கைக்கோடாரி வாங்கி வந்திருந்தான். ரப்பர் பிடி, பளபளக்கும் தலை, இடுப்பில் மாட்ட உறை வேறு. எல்லோரும் ஆளுக்கொரு தடவை வாங்கிப் பார்த்தோம். "சின்னதா இருக்கு, அடக்கமா இருக்கு, ஆபத்தில்லை" என்று நாங்களே சான்றிதழும் கொடுத்துவிட்டோம்.

இரண்டாம் நாள் காலை, நின்றபடி ஒரு கட்டையை ஓங்கி வெட்டினான். வாய் கட்டையில் படவில்லை, பக்கவாட்டில் வழுக்கியது. போன வேகத்தில் முழங்காலுக்குக் கீழே பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அவனை பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் திகைத்து நின்றபோது, பக்கத்தில் அரிவாளோடு முள் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அந்தக் கோடாரியை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"காம்பு எத்தன அங்குலம் தம்பி?"

"தலையோட சேர்த்துப் பதினாலு இருக்கும் தாத்தா."

"அதான். பெரிய கோடாலி தப்புனா தரையில போயி குத்தும். இது தப்புனா கால்லதான் குத்தும். சின்னதுன்னா பயமில்லைன்னு நெனச்சுட்டீங்களாக்கும்!"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெக்கானிக்கல் படிக்கிற நமக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது? நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது அங்குல சுத்தமாகச் சரி! அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

1. கைக்குக் காம்பு வந்த கதை

பள்ளிப் பாடத்தில் 'கைக்கோடாரி' என்று படித்திருப்போம். 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கைக்கோடாரிக்குக் காம்பே கிடையாது. கல்லை அப்படியே கையில் பிடித்து வெட்ட வேண்டியதுதான்.

புதிய கற்காலத்தில்தான் வழவழப்பாகத் தீட்டிய கல்லைக் காம்பில் பொருத்தினார்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006-இல் குறிகள் பொறித்த ஒரு கற்கோடாரி கிடைத்து நாடு முழுக்கப் பேசப்பட்டதே, அது இந்த வகை.

காம்பு வந்ததும் மனிதனின் கை நீண்டது. கை நீண்டதும் வேகம் கூடியது. ஆக, கோடாரி என்பது தலை மட்டுமல்ல. தலை, காம்பு, வாய் மூன்றும் சேர்ந்ததுதான் கோடாரி. நாம் கடையில் பார்ப்பதோ தலையையும் விலையையும் மட்டும்!

2. போட்டியாளர்கள் நால்வர்

முகாமுக்கோ தோட்டத்துக்கோ எடுத்துப் போகக்கூடிய வெட்டும் கருவிகள் நம் பக்கத்தில் நான்கு.

(அ) பெரிய கோடாரி: தலை ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும். காம்பு இரண்டரை அடி முதல் மூன்று அடி. இரண்டு கையாலும் பிடிப்பது. அடிமரம் சாய்க்கவும் விறகு பிளக்கவும் இதுதான் ராஜா. ஆனால் தோளில் சுமந்து போக வேண்டும், ஓங்க இடமும் வேண்டும்.

(ஆ) கைக்கோடாரி: தலை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ. மொத்த நீளம் 12 முதல் 19 அங்குலம். ஒரு கையால் வெட்டலாம், பின்தலையால் முளை அடிக்கலாம், சிறு கட்டை பிளக்கலாம்.

(இ) வெட்டரிவாள்: நம் வீட்டுப் பிள்ளை! திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றிக் கேள்விப்படாதவர் யார்? எடை தலையில் மட்டும் குவியாமல் தகடு முழுக்கப் பரவியிருக்கும். வாய் மெல்லியது. கிளை, முள், மட்டை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சீவும். கட்டை பிளக்க மட்டும் ஆகாது. மெல்லிய தகடு மரத்துக்குள் போய்க் கவ்விக்கொள்ளும், பிளவை அகட்டாது.

(ஈ) வாச்சி: தச்சர் கருவி. இதன் வாய் காம்புக்குக் குறுக்கே மண்வெட்டி போல இருக்கும். மரத்தைச் செதுக்கிச் சமப்படுத்த இதற்கு இணை இல்லை. ஆனால் வெட்டு நம்மை நோக்கியே வரும். பழகாத கையில் இதைக் கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்வீடனில் 1902-இல் தொடங்கிய கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறை, காட்டுக்கென்று சுமார் 14 அங்குலத்தில் ஒன்றும் 19 அங்குலத்தில் ஒன்றுமாகச் செய்கிறது. அமெரிக்க எஸ்ட்விங் கம்பெனி தலையும் காம்பும் ஒரே இரும்பாக அடித்துத் தருகிறது. தலை கழன்று பறக்காது என்பது அதன் லாபம், அதிர்வு நேராகக் கைக்கு வரும் என்பது நஷ்டம்.

3. தாத்தாவின் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஐந்தரை அடி உயர மாணவனுக்குத் தோள் உயரம் சுமார் 140 செ.மீ. தோளிலிருந்து மூடிய கை வரை சுமார் 65 செ.மீ. கோடாரியைக் கடைக்கோடியில் பிடித்து நின்றபடி வெட்டுகிறான். குறி தப்பிவிட்டது. கை தோளை மையமாக வைத்து ஒரு வட்ட வில்லில் கீழே வருகிறது. வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகும்?

14 அங்குலக் கைக்கோடாரி: பிடித்த கையிலிருந்து வாய் வரை 30 செ.மீ. மொத்த ஆரம் 65 + 30 = 95 செ.மீ. 140 – 95 = 45 செ.மீ. சரியாக முழங்காலும் அதன் அடியும்!

19 அங்குலக் கைக்கோடாரி: ஆரம் 65 + 43 = 108 செ.மீ. 140 – 108 = 32 செ.மீ. இது கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பு.

36 அங்குலப் பெரிய கோடாரி: ஆரம் 65 + 85 = 150 செ.மீ. தோள் உயரத்தைவிட 10 செ.மீ. அதிகம். எனவே காலை எட்டுவதற்கு முன்பே வாய் மண்ணில் குத்தி நின்றுவிடும்.

பார்த்தீர்களா? சிறிய கோடாரி அடக்கமானது, ஆனால் பத்திரமானது அல்ல. நீளக் காம்புக்குத் தரை என்ற காவல்காரன் இருக்கிறான். குட்டைக் காம்புக்கு அந்தக் காவல் இல்லை. பெரிய கோடாரியிலும் காலை அகட்டி நிற்க வேண்டும், பாதத்தைக் காக்க வேண்டும். ஆனாலும் நம் நண்பனுக்கு நடந்தது துரதிர்ஷ்டம் இல்லை. அது வெறும் ஜியோமெட்ரி!

இதற்குப் பரிகாரம் என்ன? கைக்கோடாரியால் வெட்டும்போது முட்டி போட வேண்டும். முட்டி போட்டால் தோள் உயரம் 140-லிருந்து சுமார் 95 செ.மீ.க்கு இறங்கிவிடும். ஆரமும் 95. தப்பினால் வாய் தரையைத் தொடும். அதோடு வெட்டும் துண்டைத் தடிமனான அடிக்கட்டை மேல், அதுவும் நமக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் வைத்தால் தப்பிய வெட்டு அடிக்கட்டையிலேயே நின்றுவிடும். இந்த இரண்டும் செய்திருந்தால் ஆறு தையலுக்கு வேலை இருந்திருக்காது.

4. எடையா, நீளமா?

"கனமா இருந்தாத்தான் நல்லா வெட்டும்" என்பது நம் பொது நம்பிக்கை. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது என்று முதலாண்டிலேயே படித்தோம். எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு!

கை சுழலும் வேகம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் வாயின் வேகம் ஆரத்தைப் பொறுத்தது. அதே தலையை 14-லிருந்து 19 அங்குலத்துக்கு மாற்றினால் ஆரம் 95-லிருந்து 108 ஆகிறது. 108-ஐ 95-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.29. ஐந்து அங்குலக் காம்பு சும்மா 29 சதவீதம் ஆற்றலைக் கூட்டித் தருகிறது. அதே ஆற்றலை எடையால் பெற வேண்டுமானால் 600 கிராம் தலையை 775 கிராம் ஆக்க வேண்டும். நாள் முழுக்க அதைத் தூக்குகிற மணிக்கட்டைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும்.

5. வாயின் கோணம்

கோடாரி என்பது ஓர் ஆப்பு. உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆப்பின் கோணம் 20 பாகை என்றால் நாம் கொடுக்கும் விசையைப் போல் 2.8 மடங்கு விசை பக்கவாட்டில் கிடைக்கும். 30 பாகையில் 1.9 மடங்கு. 40 பாகையில் 1.4 மடங்குதான். அப்படியானால் கோணம் குறையக் குறைய நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் மரம் குறுக்கே வருகிறது.

நம் பக்கத்து வேலிகாத்தான் என்ற சீமைக்கருவேலம் நம் நாட்டு மரமே அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. பச்சையாக இருக்கும்போது ஓரளவு வெட்டுப்படும். காய்ந்துவிட்டால் கல்! மெல்லிய வாயால் காய்ந்த கட்டையை வெட்டினால் வாய் மடங்கும் அல்லது பல் விழும். எனவே பச்சைக் கிளைக்கு 20 பாகை, காய்ந்த கட்டைக்கு 30 பாகை வாக்கில் சாணை பிடிப்பது நல்லது. அரிவாளுக்கும் கோடாரிக்கும் வேலை பிரிவது இந்த இடத்தில்தான்.

6. இரும்பும் தோய்ச்சலும்

நம் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. உடைந்த லாரிப் பட்டைதான் நம் கொல்லுப்பட்டறைகளுக்கு மூலப்பொருள். இது ஏனோதானோ இரும்பு இல்லை. வில்லெஃகு. அரை சதவீதத்துக்கு மேல் கார்பன், அதோடு சிலிக்கானும் உண்டு. அடி தாங்கும், வாயும் நிற்கும். கட்டடக் கம்பியை அடித்துச் செய்தால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டாம் நாளே வாய் மழுங்கிவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காய்ச்சி அடித்து உருக்கொடுத்த பிறகு, கடைசியாகத் தோய்ச்சல். இரும்பு செக்கச் சிவந்ததும் வாயை மட்டும் எண்ணெயில் தோய்த்தார். எடுத்து ஒரு பக்கத்தை மணலில் பரபரவென்று தேய்த்தார். பின்தலையில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் ஓடி வந்தது. தேய்த்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா. "இப்ப!" என்று மறுபடியும் தோய்த்து நிறுத்தினார்.

நம் பாடப்புத்தகம் சொல்வதும் இதுவே. வைக்கோல் நிறம் சுமார் 230 பாகை செல்சியஸ், பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். அடி வாங்கும் கோடாரிக்கு ஊதா வரை போக வேண்டும். இல்லாவிட்டால் கடினம் இருக்கும், தாங்கும் குணம் இருக்காது. ஆசாரியிடம் வெப்பமானி கிடையாது. கண்ணே அவருக்கு வெப்பமானி.

ஒரு எச்சரிக்கை: நம் ஒர்க்‌ஷாப் கிரைண்டரில் கோடாரியை வைத்து அழுத்தித் தீட்டாதீர்கள். வாய் நீலமாகிவிட்டால் ஆசாரி போட்ட தோய்ச்சல் அந்த இடத்தில் போச்சு! அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டுங்கள். அதைவிட நல்லது அரமும் சாணைக்கல்லும்.

7. காம்பு மரம்

"கோடாரிக் காம்பு குலத்துக்கு ஈனம்" என்று பழமொழியில் அந்தக் காம்பைத் திட்டி வைத்திருக்கிறோம். ஆனால் நல்ல காம்பு கிடைப்பது குலத்துக்கே கௌரவம்! நாட்டுக் கருவேல வைரம் இதற்குப் பேர்போனது. மேல்நாட்டில் ஹிக்கரி மரம் என்றால் நமக்குக் கருவேலம்.

மரத்தின் நார் காம்பின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒரு நாள் பட்டென்று முறியும். தலை ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுவது நம் வழக்கம். ஊறிய நார் துளைக்குள் விரிந்து நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கும். அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஆடும். ஆப்பைப் புதிதாக அடிப்பதே சரியான மருந்து. ஆடுகிற தலையோடு ஒரு வெட்டுக்கூட வெட்டாதீர்கள். பறக்கும் தலை எதிரில் நிற்பவனின் தலையைத் தேடும்.

8. ஆக, எது நல்லது?

எதை வெட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில். என் தீர்ப்பு இதோ:

பெருவிரல் தடிமன் முதல் மணிக்கட்டுத் தடிமன் வரை உள்ள பச்சைக் கிளைக்கும் முள்ளுக்கும் வெட்டரிவாள். இடது கையில் கவைக்கம்பு, வலது கையில் அரிவாள். கவைக்கம்பால் முள்ளை அழுத்திப் பிடித்து வெட்டி, அதாலேயே தள்ளிவிடுவது நம் ஊர்ப் பெரியவர்களின் முறை. முள் பக்கம் கையே போக வேண்டாம். குட்டைக் கைக்கோடாரியோடு வேலிகாத்தானுக்குள் நுழைந்தால் நாம் முள்ளை வெட்டுவதற்குள் முள் நம்மை வெட்டிவிடும்.

முளை சீவ, முளை அடிக்க, அடுப்புக்குச் சிறு கட்டை பிளக்க, 600 முதல் 700 கிராம் தலையும் 16 முதல் 19 அங்குல நீளமும் உள்ள கைக்கோடாரி. 12, 14 அங்குலம் பார்க்க அழகு. வேலைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம்.

அடிமரத்துக்குப் பெரிய கோடாரி. கையில் கைக்கோடாரி இருக்கிறதே என்று தொடை பெருத்த மரத்தை வெட்டத் தொடங்காதீர்கள். களைத்த கைதான் குறி தப்பும். இன்னொன்று, வேலிகாத்தானை மேலே வெட்டினால் அது சாகாது. மறுபடி தழைக்கும். வேரோடு எடுக்கக் கடப்பாரை வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் எடுத்துப் போகலாம் என்றால்? நம் முள்காட்டுக்கு என் ஓட்டு வெட்டரிவாளுக்கே. படம் பார்த்துக் கைக்கோடாரி வாங்குகிறோம். அந்தப் படம் எடுத்த காடு ஊசியிலை மரக் காடு. அங்கே முள் இல்லை.

9. மறக்கக் கூடாத சில விதிகள்

• நின்று கொண்டு கைக்கோடாரி வீசாதே. முட்டி போடு, அடிக்கட்டை வை.
• கையை நீட்டினால் கோடாரி எட்டும் தூரத்துக்கு இரண்டு மடங்கு வட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது.
• வாயை மூடாமல் நடக்காதே (கோடாரி வாயைச் சொல்கிறேன்!). பழைய சைக்கிள் டியூப் போதும் உறைக்கு.
• மழுங்கிய வாய்தான் வழுக்கும். தீட்டிய பிறகு வேலைக்குப் போ.
• பஸ்ஸில் கொண்டு போகும்போது சாக்கில் சுற்றிக் கட்டு. விவசாய வேலைக்கான கருவிதான் என்றாலும் பொது இடத்தில் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தால் போலீஸ்காரர் கேட்பது நியாயம்தான்.
• ஏரி, புறம்போக்கு எதுவானாலும் அனுமதி பெற்று வெட்டு. நம் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கத்தியும் அதில் அடக்கம்.

நண்பர்களே! முகாம் முடிந்த கடைசி நாள் அந்தப் பெரியவரைத் தேடிப் போய் என் நோட்டைக் காட்டினேன். 140-லிருந்து 95 போனால் 45 என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வேட்டியைச் சற்றே தூக்கினார். முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு!

"நான் ஒன்னும் கணக்குப் போடல தம்பி. பதினாறு வயசுல கால்ல எழுதி வாங்கிக்கிட்டேன். நீங்க படிச்ச புள்ளைங்க, நோட்டுல எழுதிப் பாத்துட்டுக் கோடாலிய எடுங்க."

டிப்ளமோ படிப்பின் பயன் அதுதானே! நம் நண்பனின் கோடாரிக்கு இப்போது ஆசாரி கடையில் புது வேலை நடந்திருக்கிறது. ரப்பர் பிடியை எடுத்துவிட்டுப் பதினெட்டு அங்குலக் கருவேலக் காம்பு போட்டாயிற்று. இந்த ஆண்டு முகாமுக்கு அவன்தான் கருவிப் பொறுப்பாளர். யார் நின்றபடி கைக்கோடாரியை ஓங்கினாலும் ஒன்றும் பேச மாட்டான், பேன்ட்டைச் சுருட்டித் தழும்பைக் காட்டுவான்.

முகாமில் சந்திப்போம். முட்டி போட்டு!